கடன் வரலாறு இல்லாதவள்

கனடாவில், வின்னிபெக் நகரில் நாங்கள் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையில் நான் டாலர் நோட்டை நீட்டும்போதெல்லாம் கல்லாவில் நிற்கும் பெண் ஒரு கணம் தயங்குவாள். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். சில்லறை போதாமல் உள்ளே இருப்பவரைக் கூப்பிடுவாள். எனக்குப் பின்னால் நிற்பவர்கள் அட்டையைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு என் முதுகையே பார்ப்பது திரும்பாமலேயே எனக்குத் தெரியும். கையில் இருக்கிற காசுக்கு மட்டும் சாமான் வாங்குவது இங்கே ஏதோ குறையுள்ளவர்கள் செய்கிற காரியம்போல ஆகிவிட்டது. கழுத்து வரை கடனில் இருந்த நாட்களில் இதே கடையில் அட்டையைத் தேய்த்துவிட்டுப் போவேன். அப்போது யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

இந்த ஊருக்கு வந்த புதிதில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனோம். அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி எங்கள் கிரெடிட் ஹிஸ்டரி என்ன என்று கேட்டார். கடன் வரலாறு. எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. இதுவரை யாரிடமும் ஒரு பைசாகூடக் கடன் வாங்கியதில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. 'அடடா, மன்னிக்க வேண்டும்' என்றார், யாரோ செத்துப்போனதைக் கேட்டதுபோல. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்களிடம், 'கடன் கிடன் இல்லாத குடும்பமுங்க' என்று சொல்வதுதான் பெரிய சிபாரிசு. இங்கே அது, பள்ளிக்கூடமே போகாதவள் என்று சொல்வதற்குச் சமம். கடன் வாங்கித் திருப்பிக் கட்டியவரைத்தான் நம்புவார்களாம். வாங்காதவரை எதை வைத்து நம்புவது? கூடுதலாக முன்பணம் கொடுத்து அந்த வீட்டில் ஏறினோம். அவரே நல்ல மனதோடு, சீக்கிரம் ஒரு கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று யோசனையும் சொன்னார். வாங்கினோம். நல்ல பெயர் எடுப்பதற்காகக் கடன்காரர்கள் ஆனோம்.

என் கணவர் முருகேசன் நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். இங்கேயும் அதே தொழில்தான். வண்டி மட்டும் பெரிது. ஊரில் லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாதா மாதம் பைனான்ஸ்காரருக்கு வட்டியைக் கட்டிவிட்டால் போதும், அசல் பாட்டுக்கு அது கிடக்கும். கார்டுக்காரன் அனுப்பிய முதல் பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல அவர் முகம் மலர்ந்தது. "இதக் கட்டிப்போட்டா வட்டி முடிஞ்சுது, கோமதி. அசலு கெடந்துட்டுப் போகுது" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் இங்கே அசல் சும்மா கிடக்கவில்லை. புதிதாக வாங்கியதெல்லாம் அதன்மேல் ஏறி, வாங்கிய நாளிலிருந்தே அதற்கும் வட்டி ஏறி, மாதா மாதம் வளர்ந்தது. நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

ஊதாரித்தனம் செய்தோம் என்று சொல்ல முடியாது. முதல் குளிருக்கு ஜாக்கெட், பூட்ஸ், பழைய கார் ஒன்று. அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்போம். ராசிபுரத்தில் அம்மா இருந்த ஓட்டு வீடு ஒழுகியது. அம்மா கேட்கவில்லை, நான்தான் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தார்சுக் கூரை போட்டுவிடலாம் என்றேன். தம்பி கதிர்வேல் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தான். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறானே என்று பைக் வாங்கப் பணம் அனுப்பினேன். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் நாலு பெட்டி நிறைய சாமான். ஒரம்பரை, சொந்தபந்தம் வீட்டு விசேஷம் என்றால் மோதிரம். 'கனடாக்காரி வந்துட்டா' என்று யாராவது சொன்னால் எனக்கு வெட்கமாகவும் இருக்கும், இன்னொரு முறை சொல்லமாட்டார்களா என்றும் இருக்கும். ஒரு கார்டுக்குக் கட்ட இன்னொரு கார்டு, அதற்குக் கட்ட மூன்றாவது. பிறகு முருகேசனுக்குத் தோள்பட்டையில் அடிபட்டு வண்டி ஓட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்தார். வசூல்காரர்களின் போன்கள் வரத் தொடங்கின. கடைசியில் யார் கூப்பிட்டாலும் எடுப்பதை விட்டுவிட்டோம். "ஏஞ்சாமி, போன எடுக்கவே மாட்டீங்கற? அம்மா மேல என்ன கோவம்?" என்று அம்மா வாட்ஸப்பில் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். அதைக் கேட்ட அன்றுதான் உதவி தேடிப் போவது என்று முடிவு செய்தேன்.

கடனில் மாட்டியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஒன்று இங்கே உண்டு. ஜேனட் என்ற பெண்மணி எங்களை உட்காரவைத்து வரவு செலவு முழுவதையும் கேட்டார். அதட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. நான் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு வந்தபோதுதான் சிக்கல்.

"இது யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"அவர் கேட்கிறாரா?"

"இல்லை. கேட்கவே மாட்டார்."

"அப்படியானால் இது அன்பளிப்பு. அன்பளிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம்."

"அன்பளிப்பு இல்லை" என்றேன்.

"பின்னே, கடனா?"

எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. ஆமாம் என்றேன். ஜேனட் அதை மெய்யான கடனாகவே எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு மொத்தம் எவ்வளவு தர வேண்டும், வட்டி உண்டா, எழுத்து மூலமாக ஏதாவது இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். நான் அழுதுவிட்டேன். எதற்காக அழுகிறேன் என்று ஜேனட்டுக்குப் புரியவில்லை. டிஷ்யூ பெட்டியை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

வழி ஒன்று சொன்னார். கார்டுகள் எல்லாவற்றையும் மூட வேண்டும். கார்டுக்காரர்களிடம் அவரே பேசி வட்டியைக் குறைத்துத் தருவார். மாதா மாதம் ஒரே தொகையைத் தவறாமல் சில ஆண்டுகள் கட்ட வேண்டும். இடையில் புதுக் கடன் வாங்கினால் ஏற்பாடு முறிந்துவிடும். ஊருக்குப் பணம் அனுப்ப இடமே இல்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "செரி சாமி. எனக்கு இங்க என்ன செலவு? மொதல்ல அதத் தீருங்க" என்றாள். வைக்கும் முன்னால், "ஆனா ஊருல ஆருகிட்டயும் சொல்லிப்போடாத" என்றாள்.

அதன்பிறகு வேறு மாதிரி வாழப் பழகினோம். சம்பளம் வந்ததும் முதலில் தவணை. மீதியை நோட்டாக எடுத்து அரிசி பருப்புக்கு ஒரு உறை, பெட்ரோலுக்கு ஒரு உறை, அவசரத்துக்கு ஒரு உறை. உறை காலியானால் அந்த வாரம் அவ்வளவுதான். கையை விட்டு நோட்டுப் போகும்போதுதான் செலவு வலிக்கிறது என்பதை அப்போது கண்டுகொண்டேன், அட்டை வலிக்காது. தோள் சரியாகி வண்டி ஏறிய முருகேசன், வழிக் கடைகளில் சாப்பிடாமல் கட்டுச்சோறு கொண்டுபோனார். முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்தது. ஒருவர் மேல் ஒருவர் எரிந்துவிழுந்த நாட்களும் உண்டு. உங்கள் ஊர்ப் பழக்கம்தான் காரணம் என்பேன். உன் ஊர்ப் பெருமைதான் காரணம் என்பார்.

தவணை கட்டத் தொடங்கிய இரண்டாவது குளிர்காலத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கதிர்வேல் சொன்னான். உடனே புறப்படுவதென்றால் டிக்கெட் விலை கேட்கவே முடியாது. அவசர உறையில் இருந்தது பாதிக்கும் போதவில்லை. புதுக் கார்டு தருகிறோம் என்று தபால்கள் வந்துகொண்டேதான் இருந்தன. முருகேசன் அதில் ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்தார். "வாங்கிக்க. போயி அம்மாளப் பாத்துட்டு வா. மத்ததப் பொறவு பாத்துக்கலாம்" என்றார். நான் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அன்று கதிர்வேல் வீடியோவில் அம்மாவைக் காட்டினான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "கடன் வாங்கீட்டு வராத சாமி" என்றாள். குழறலாகத்தான் சொன்னாள், ஆனாலும் புரிந்தது. தேறிவிடுவார் என்று டாக்டர் சொன்னார். தேறி வீட்டுக்கும் வந்தாள். கோடையில் சொந்தக் காசில் போகலாம் என்று அந்தத் தபாலைக் கிழித்துப் போட்டேன்.

பனி உருகுவதற்குள் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. முதியோர் இல்லத்தில் இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கதிர்வேல் கூப்பிட்டான். "அக்கா, அம்மா போயிருச்சுக்கா" என்றான். உடலை எடுப்பதை வீடியோவில் பார்த்தேன். யாரோ போனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். அம்மாவைத் தூக்கும்போது கூட்டம் இடித்து அது சரிந்துவிட்டது. கால்களைத்தான் பார்த்தேன். நிறையக் கால்கள், அப்புறம் வெறும் வாசல்.

போன ஆண்டு கடன் முடிந்தது. ஜேனட் எழுந்து நின்று கைதட்டினார். நாங்களும் சிரித்தோம். அதன்பிறகு சேர்த்த பணத்தில், முதலில் நான் ஊருக்குப் போய்வருவது, கோடையில் முருகேசன் நாமக்கல்லில் இருக்கும் தன் அப்பாவைப் பார்த்துவருவது என்று வைத்துக்கொண்டோம். இந்தத் தை மாதம் போனேன்.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அனுப்பிச்ச பட்டுச்சீலையத்தான் கண்ணு கடைசியாவும் கட்டிவுட்டோம். ஒவ்வொரு தீவாளிக்கும் நீ அனுப்பிச்சதக் காட்டாம உங்கம்மாவுக்குச் சோறு எறங்காது" என்றார். நான் எந்தப் பட்டும் அனுப்பவில்லை. அவர் போனபிறகு கதிர்வேலிடம் கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ காசு நிறுத்துனதும் அம்மா மகளிர் குழுவுல கடன் எடுத்துச்சுக்கா. தீவாளிக்கு ஒரம்பரைக்கெல்லாம் துணி எடுத்துக் குடுத்து, கோமதி அனுப்பிச்சான்னு சொல்லும். மாமன் ஊட்டுச் சீருக்கு மோதரமும் உன்ற பேர்லதான் போட்டுச்சு. வாராவாரம் கட்டோணும். முடியலீன்னா இன்னொரு குழுவுல எடுக்கும்."

"நீ தடுக்கலயாடா?"

"தடுத்தேன். 'என்ற புள்ள அங்க கஷ்டப்படறது இவியளுக்கு எதுக்குடா தெரியோணும்'னு கேட்டுச்சு. நான் என்ன சொல்றது?" என்றவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். "சாவுக்கும் நீ ஏன் வரலீன்னு கேட்ட ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொன்னது நானு. கடன்னு சொன்னா ஆரு நம்புவாக்கா? கனடாவுல இருக்கறவளுக்குக் கடனான்னு சிரிப்பாங்க. லீவு கெடைக்கலீன்னு சொன்னேன். காரித் துப்பாத கொறதான்."

குழுக் கடனையும் ஆஸ்பத்திரிச் செலவையும் அவன் கிரெடிட் கார்டில் அடைத்திருந்தான். மாதா மாதம் எவ்வளவு கட்டுகிறாய் என்று கேட்டேன். போனில் காட்டினான். குறைந்தபட்சத் தொகை.

மறுநாள் அவனோடு, அந்தக் கார்டைக் கொடுத்த வங்கியின் ஃபேர்லேண்ட்ஸ் கிளைக்குப் போனேன். வங்கியில் இருந்த இளைஞர் என் விவரம் கேட்டுவிட்டு, "மேடம் கனடாவுலதான இருக்கீங்க? ஒரேயடியா க்ளோஸ் பண்ணிருங்களேன்" என்று சிரித்தார். கதிர்வேலும் என்னைப் பார்த்தான். கேட்கவில்லை, பார்த்தான். எல்லாவற்றையும் அடைக்க என்னிடம் இல்லை. இருந்த பணம் முருகேசனின் டிக்கெட். வெளியே வந்து அவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நெடுஞ்சாலை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "குழுக் கடன் அம்மா உன்ற பேருக்கு வாங்குனது. அது நம்ம கடனுதான். கட்டீரு" என்றார். உங்கள் அப்பா என்று ஆரம்பித்தேன். "அவரு எங்க போயிறப்போறாரு" என்றார். சொன்ன கையோடு வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

அம்மா என் பெயருக்குப் பட்ட கடனை நான் கட்டினேன். ஆஸ்பத்திரிச் செலவைக் கதிர்வேல் சம்பளத்தில் அடைக்கும்படி குறைந்த வட்டித் தவணையாக மாற்றிக்கொண்டோம். ஜேனட் எங்களுக்குச் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில் அவனுக்குச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அவன் அருவாமனையில் கார்டை வைத்து இரண்டாக அரிந்தான். புறப்படும் முன் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைத் தேடிப் போய், அந்தப் பட்டை நான் அனுப்பவில்லை, எங்களுக்கு அங்கே கடன் இருந்தது, அதனால்தான் சாவுக்கும் வரவில்லை என்று சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. "உங்கம்மா மாதிரியே உனக்கும் தன்னடக்கம் கண்ணு" என்றார்.

பங்குனியில் அம்மாவின் நினைவு நாள் வந்தது. அம்மா இறந்தது ராசிபுரத்தில் வெள்ளிக்கிழமை விடியும் நேரம். இங்கே அது வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம். எந்த நாளுக்கு விளக்கு வைப்பது என்று கதிர்வேலிடம் கேட்டேன். "உனக்கு எந்த நாளோ அந்த நாளுக்கு வெய்யிக்கா" என்றான். போனை ஜன்னலோரம் நிறுத்திவைத்துவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் ஏற்றினோம். அவன் விளக்குக்குப் பின்னால் விடிந்துகொண்டிருந்தது. என் விளக்குக்குப் பின்னால் பனிமேல் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை இங்கேயும் அந்த நாள் விடிந்தபோது, அம்மாவுக்கு நாள் முடிந்துவிட்டதா, இனிமேல்தானா என்று தெரியாமல், திரியைத் தூண்டி இன்னொரு முறை எண்ணெய் விட்டேன்.