வரியில்லாக் கணக்கும் வாயடங்கா அத்தையும்

போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம்.

என் அண்ணன் மகன் குமரனுக்கு. டொரான்டோவில் வேலை பார்க்கிறான். லீவில் யாங்கோன் வந்திருக்கிறான். அண்ணன் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும். அண்ணி எதற்கும் சிரித்தே சமாளித்துவிடுவாள். இப்படிப்பட்டவர்களுக்காகவே எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையின் அத்தை கூடப் போக வேண்டும். மாப்பிள்ளையின் பெருமையை அவனும் பேசக் கூடாது, பெற்றவர்களும் பேசக் கூடாது. அத்தை பேசலாம்... எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்!

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பேசச் சொன்னால் விடுவேனா?

பெண் பெயர் மீனா. மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதையை ஒட்டி, மூன்றாவது மாடி வீடு. அம்மா இல்லை. அப்பா ஊ முத்தையா. இங்கே பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'ஊ' போடுவது மரியாதை, தமிழர்களும் அப்படித்தான். போட்டாதாங் படகுத்துறையில் படகுகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்புகிற தொழில் அவருக்கு. ஒரே மகளைக் கடல் தாண்டி அனுப்புவதா என்று ஏற்கெனவே அரை மனசு. அதை முழு மனசாக்குவதுதான் நான் போன காரியம்.

கரன்ட் இல்லை. சார்ஜ் விளக்கு ஒன்று மேஜையில் மினுங்கிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் என்றால் சொஜ்ஜி பஜ்ஜி வரும். இங்கே லப்பெ தோ — ஊறவைத்த தேயிலையில் பூண்டும் கடலையும் போட்டுப் பிசைந்த சாலட். மீனா கொண்டு வந்து வைத்தாள். குமரன் தட்டைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. நாலைந்து மாதமாக இருவரும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஊ முத்தையா ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பிக்கு அங்க சேமிப்பு கீமிப்பு எல்லாம் உண்டுங்களா, சயாமா?"

டியூஷன் எடுக்கிறவள் என்பதால் ஊரில் எனக்கு 'சயாமா' என்றுதான் பெயர். டீச்சர் என்று அர்த்தம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் அண்ணன் இதே கேள்வியைக் குமரனிடம் கேட்டார். நான் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே "கனடாவுல வரியில்லாத கணக்கு ஒண்ணு இருக்குப்பா, அதுலதான் நிறைய வெச்சிருக்கேன்" என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை. மீதியை நானே போட்டு நிரப்பிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் 'வரியில்லாத' என்று யாராவது சொன்னால் என்ன அர்த்தம்? குரல் தானாக இறங்கும். கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்துவார்கள். பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை. அரிசிப் பானைக்குள் தங்கம். மச்சான் பெயரில் வீடு. இதையெல்லாம் செய்கிறவனுக்கு நாங்கள் வைத்திருக்கிற பட்டம் 'பிழைக்கத் தெரிந்தவன்'. ஒழுங்காக வரி கட்டுகிறவனுக்கும் பட்டம் உண்டு... 'பாவம்'.

ஆகவே ஊ முத்தையாவிடம் பெருமை பொங்கச் சொன்னேன்:

"சேமிப்பா? வரிக்காரன் கண்ணுலயே படாத கணக்குல வெச்சிருக்கானுங்க! கனடா சர்க்காருக்கே தண்ணி காட்டுறான். பிழைக்கத் தெரிஞ்ச பிள்ளை!"

"அத்தை, அது அப்படி இல்ல..." என்று குமரன் வாயைத் திறந்தான்.

மேஜைக்கு அடியில் அவன் முழங்காலைக் கிள்ளினேன். கிள்ளிவிட்டு, "பயப்படாதே, நம்ம மனுஷங்கதானே" என்றும் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி!

அந்த நேரம் பார்த்துக் கரன்ட் வந்தது. கரன்ட் வந்தால் எங்கள் தெருக்களில் சின்னது பெரியது எல்லாம் "மீ லாபீ!" என்று கத்தும். 'வெளிச்சம் வந்துவிட்டது' என்று அர்த்தம். தெரு முழுக்கக் கத்தியது. டியூப் லைட்டில் ஊ முத்தையாவின் முகம் இறுகியிருந்தது தெளிவாகத் தெரிந்தது.

"யாபாதே" என்றார். பரவாயில்லை என்பதற்கு இங்கே சொல்லும் வார்த்தை. சொல்லுகிற விதத்தில் சொன்னால், கிளம்புங்கள் என்பதற்கும் அதே வார்த்தைதான்.

டாக்ஸியில் குமரன் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். வீட்டுக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

"ஏன்டா உர்ருன்னு இருக்கே? உன்னைப் பத்திப் பெருமையாத்தானே சொன்னேன்?"

"அத்தை, அந்தக் கணக்கைக் கொடுத்ததே கனடா சர்க்கார்தான்."

"வரி கட்ட வேணாம்னு சர்க்காரே சொல்லுமா? யார்கிட்ட கதை விடுறே?"

"சம்பளத்துக்கு வரி கட்டிட்டு, மிச்சத்தைத்தான் அதுல போடுறேன். வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு வரம்பு இருக்கு. அதுக்குள்ள போட்டா, அந்தப் பணம் பெருகுறதுக்கு வரி கிடையாது. எடுக்கும்போதும் கிடையாது. வரம்பைத் தாண்டினா மாசாமாசம் அபராதம். ஒளிவு மறைவே இல்ல. சர்க்கார்கிட்டயே எல்லா விவரமும் இருக்கு."

கோபமாக இருந்தாலும் பொறுமையாகவே சொன்னான். ஓய்வுக்காலத்துக்கு என்று இன்னொரு கணக்கு இருக்கிறதாம். அதில் போடுகிற தொகையை அந்த வருஷத்து வருமானத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். வயதான பிறகு எடுக்கும்போது வரி கட்ட வேண்டும். வரி தள்ளிப்போகிறது, தப்பிப்போவதில்லை. இந்த இரண்டுக்கும் வெளியே சாதாரண முதலீட்டுக் கணக்கு. அதில் வட்டி வந்தால் முழுக்க வருமானம். பங்கை விற்று லாபம் வந்தால் பாதியைத்தான் வருமானமாகச் சேர்ப்பார்கள். எதை எந்தக் கணக்கில் வைப்பது என்று யோசித்து வைப்பதுதான் சாமர்த்தியமாம். அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளை வரியில்லாத கணக்கில் வைத்தால், அதில் வருகிற டிவிடெண்டில் அமெரிக்கா கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். ஓய்வுக்காலக் கணக்கில் வைத்தால் பிடிக்காதாம்.

பாதி புரிந்தது. புரிந்த பாதியே என் காதைச் சுட்டது.

"அப்ப நீ வரி கட்டுறியா?" என்று கேட்டேன். அதை என்ன குரலில் கேட்டேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஏமாற்றமாகக் கேட்டேன்.

மறுநாள் காலையில் ஊ முத்தையா அண்ணனுக்குப் போன் பண்ணினார். சுருக்கமாகத்தான் பேசினாராம். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒளிச்சு வெச்ச காசு இருக்கிற வீட்டுக்கு என் பொண்ணை அனுப்புறதா இல்ல."

அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அண்ணிகூட அன்றைக்குச் சிரிக்கவில்லை. குமரன் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. மொஹிங்கா என்றால் உயிரை விடுகிற பையன், மீன் குழம்பில் சேமியா ஆறி ஊறிப்போகிறவரை கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நல்லது செய்யப் போனவள் நான். ஊருக்கெல்லாம் பத்தி எழுதிப் புத்தி சொல்கிற மகராசி! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் குமரனைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். ஊ முத்தையா கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். அதுவே பெரிய மனசு.

"நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். "அது பொய்னு தெரிஞ்சு சொல்லல. அரைகுறையாக் கேட்டுட்டு அளந்துட்டேன். அது கனடா சர்க்காரே கொடுத்த கணக்குங்க. பிள்ளை பேரில ஒரு தப்பும் இல்லீங்க."

அவர் பதில் சொல்வதற்குள் மீனா வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழைவிட பர்மியம் சுலபமாக வரும். இருந்தாலும் அப்பாவுக்காகவோ எனக்காகவோ தமிழிலேயே கேட்டாள். இளைஞர்களை மரியாதையாக அழைக்கும் 'கோ' மட்டும் பர்மியம்.

"கோ குமரன், நான் ஒண்ணு கேக்கவா? அப்பாக்கு வயசாகுது. ஒருவேளை நாம இங்கயே திரும்பி வந்துட்டா... உங்க கணக்கெல்லாம் என்ன ஆகும்?"

நானாக இருந்தால், 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா' என்று சொல்லியிருப்பேன். நல்ல வேளை, கேள்வி என்னிடம் வரவில்லை.

குமரன் கொஞ்சம் யோசித்தான். "நஷ்டம் வரும்" என்றான். "அங்க குடியிருக்கிறதை விட்டுட்டா வரியில்லாத கணக்குல மேல போடக் கூடாது. போட்டா மாசாமாசம் தண்டம். உள்ள இருக்கிறது அப்படியே இருக்கலாம், கனடா வரி கேக்காது. ஆனா இந்த ஊர்ச் சட்டம் அதை என்னன்னு பாக்கும்னு எனக்குத் தெரியாது, விசாரிக்கணும். ஓய்வுக்காலக் கணக்குல இருந்து எடுத்தா ஒரு பங்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தருவாங்க. சாதாரணக் கணக்குல இருக்கிற பங்குகளை, நான் விக்காட்டியும், கிளம்புற அன்னிக்கு வித்ததா வெச்சுக்கிட்டு வரி கேப்பாங்க."

"விக்காததுக்குமா?"

"ஆமா."

"எல்லாம் தெரிஞ்சும் வருவீங்களா?"

"உங்க அப்பாவுக்கு முடியலன்னா வரத்தான் வேணும். கட்ட வேண்டியதைக் கட்டிட்டு வருவோம்."

மீனா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை குனிந்து, கைலி போல இங்கே எல்லோரும் கட்டுகிற லோஞ்சியின் முடிச்சை அவிழ்த்துக் கட்டினார். அப்புறம் பேசினார்.

"எங்க அண்ணனும் நானும் சேர்ந்துதான் குடோன் நடத்துனோம், சயாமா. அவரு பாதிச் சரக்கைக் காட்டாம வித்தாரு. கையெழுத்து எல்லாம் என்னுது. பிடிபட்டப்ப அவரு ஊர்லயே இல்ல. குடோனைப் பூட்டிட்டாங்க. வீட்டை வித்து அபராதத்தை நான் கட்டுனேன். இவ அம்மா அந்தக் கவலையிலயே போயிட்டா."

"மன்னிச்சிடுங்க" என்று மறுபடியும் சொன்னேன். "தெரியாமச் சொன்ன பொய்..."

"பொய் பெரிசில்லம்மா" என்றார். சயாமா, அம்மா ஆகியிருந்தது. "தெரியாமச் சொன்னதுன்னு இப்ப புரியுது. ஆனா அதைச் சொல்லும்போது கரன்ட் வந்துச்சுல்ல... உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். எங்க அண்ணன் முகத்துலயும் அப்படித்தான் இருக்கும்."

நான் அவர் முகத்தைப் பார்த்த அதே வெளிச்சத்தில் அவர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை.

பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாயிற்று. அந்தச் சந்தோஷத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது? குமரனைத் திருடன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அதையே நான் சொன்னேன்... பட்டு லோஞ்சி கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, புகழ்ச்சி என்று நினைத்துச் சொன்னேன். டியூஷன் பீஸை வாங்கிப் பர்ஸில் போடும்போது நானும் என்றைக்காவது கணக்குக் காட்டியிருக்கிறேனா? யாரும் கேட்டதில்லை, காட்டியதில்லை. கேட்காதவரை நாமெல்லாம் யோக்கியர்கள்தான். ஆனால் ஏமாற்றுவதை வேறு வழியில்லாமல் செய்கிறவர்கள் உண்டு. அதை மெச்சி, மாப்பிள்ளைத் தகுதியாக்கி, தட்டில் வைத்து நீட்டுகிற இடத்துக்கு நான் எப்போது வந்து சேர்ந்தேன்? தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிளம்பும்போது ஊ முத்தையா குமரனின் தோளில் கை வைத்தார். "தம்பி பேர்ல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார். என் பக்கம் திரும்பி, தயங்கி, மரியாதையாகவே சொன்னார்: "மேற்கொண்டு பேச வேண்டியதை உங்க அண்ணனையே பேசச் சொல்லுங்கம்மா."

அண்ணன் பேசினார். மூச்சு வாங்க வாங்கப் பேசி முடித்துவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

எனக்கும் ஒரு வேலை ஒதுக்கியிருக்கிறார்கள். வாசலில் நின்று, வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்க வேண்டும்... வாயைத் திறக்காமல்!