வறண்ட ஆற்றங்கரையில் மாட்டிய கேமரா

அந்த மனுவை எழுதியது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால், இனி நான் திட்டப்போகிறவர்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து இந்த அம்மா மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கும்.

முப்பத்து நான்கு வருடம் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பை மேய்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர். பூதலூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் எங்கள் ஊர், ஆற்றை ஒட்டி. பட்டா மாற்ற வேண்டும், முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, கம்பம் சாய்ந்துவிட்டது, எதுவானாலும் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். எழுதும்போதே அதிகாரியைக் குத்திக்காட்டி இரண்டு வரி சேர்த்துவிடுவேன் என்பது இன்னொன்று.

அந்த வருடம் சித்திரை முடிவில் பம்புசெட் ஒயர்களை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். ஆறு கொட்டகைகளில் திருட்டு. என்னுடையது அதில் ஒன்று. குறுவைக்கு நாற்றங்கால் விட வேண்டிய நேரம். எனக்கு வயிறு எரிந்தது. திருடியவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இதைக் கேள்விப்பட்டு, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர் ஆண்கள் கேமரா வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். சிங்கப்பூர், துபாய், குவைத் என்று நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உள்ளூருக்கும் பொதுவாகப் போனில் ஒரு குரூப். அதை நடத்துவது உரக்கடைத் தம்பி. என் கணவருக்குத் தம்பி முறை. பத்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து கடை வைத்தவர். பஞ்சாயத்துக்கு மனு எழுத அவர்தான் வந்தார். கடைத்தெருவில் ஒன்று, கோயில் வாசலில் ஒன்று, மோட்டார் கொட்டகைப் பாதையில் இரண்டு என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

"ஆத்தங்கரையில ஒண்ணு போடுங்க அண்ணி. தண்ணி வர்றத நேர்ல பாக்கணும்னு அங்க இருக்கறவங்க எல்லாம் கேக்குறாங்க" என்றார்.

எனக்கே கண் கலங்கியது. பாலைவனத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டு, ஊர் ஆற்றில் புதுத்தண்ணீர் வருவதைப் பார்க்க ஆசைப்படுகிறான்களே என்று உருகிப்போய், "படித்துறை அருகில் உள்ள கம்பத்தில் ஒன்று" என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

அப்போது வைகாசி. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாலத்திலிருந்து பார்த்தால் மணல், நாணல், நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய தடம். படித்துறை என்பது அந்த மாதத்தில் எங்கள் கண்ணுக்கு வெறும் பத்துப் படி. ஆடு படுத்துக்கிடக்கும் இடம். அது பெண்கள் குளிக்கிற துறை என்பது எனக்கோ, மனுவில் கையெழுத்துப் போட்ட மற்ற ஆறு பெண்களுக்கோ தோன்றவே இல்லை. ஏழு பேரும் வருடத்தில் எட்டு மாதம் அதே படியில் குளிக்கிறவர்கள். ஆறு வறண்டால் எங்களுக்குப் புத்தியும் வறண்டுவிடும் போலிருக்கிறது.

கல்லணை திறந்த மறுநாள் தண்ணீர் வந்தது. நுரையும் செத்தையுமாக மணலை நக்கிக்கொண்டு வந்ததைக் குரூப்பில் எல்லாரும் நேரலையாகப் பார்த்தார்கள். நாங்கள் பூவும் நெல்லும் தூவிக் கும்பிட்டோம். எங்கள் கும்பிடு முடிவதற்குள் எங்கள் படமே எங்கள் போனுக்கு வந்துவிட்டது, கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக. நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்து, பெண்கள் குளிக்க இறங்கினார்கள்.

எங்கள் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கரைமேல் பாதையில் ஆண்பிள்ளை யாராவது வந்தால் அரசமரத்துக்கு முன்னாலேயே செருமுவார். சைக்கிள் என்றால் மணி. குடித்துவிட்டு வருகிறவன்கூடச் செருமாமல் தாண்டியதில்லை. சத்தம் கேட்டதும் நாங்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொள்வோம், அவர் வயல் பக்கம் பார்த்தபடி போய்விடுவார். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. கம்பத்தில் இருந்த அந்தச் சனியன் செருமவில்லை. சிவப்புப் பொட்டுப்போல ஒரு விளக்கை எரியவிட்டுக்கொண்டு, பாவாடையை மார்பில் ஏற்றிக் கட்டிக் குளித்த பெண்களைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. போனில் அதைத் திறந்து பார்ப்பதற்கான கடவுச்சொல்லை உரக்கடைத் தம்பி குரூப்பிலேயே போட்டிருந்தார். ஊர்ச் சொத்தாம், ஒளிவுமறைவு கூடாதாம்.

எனக்கு உறைத்தது ஒரு வாரம் கழித்து. என் ஒன்பது மா நிலத்தில் நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுக்கு வரும் பெண்களில் ஒருத்தி எப்போதும் என்னோடு ஒட்டுதல். நாற்பது வயது இருக்கும். வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். புருஷன் துபாயில் கட்டட வேலை. அவன் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், பலப்பம் தின்பான். நடவு முடிந்ததும் இடுப்புவரை சேற்றோடு நேரே துறைக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போவாள். வீட்டில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த குளியலறை இருக்கிறது, அதற்குக் குழாய் இல்லை. அன்றைக்கு அவள் ஆற்றுப்பக்கமே போகாமல், வரப்பு வரப்பாகச் சுற்றிக்கொண்டு, காய்ந்த சேற்றோடு தெருவுக்குப் போவதைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, ஆத்துல தண்ணி இல்லியா?"

"ஒடம்பு சரியில்ல டீச்சர்."

"ஒடம்பு சரியில்லாதவ ஏன் ஒரு கல்லு தூரம் சுத்திக்கிட்டுப் போற?"

குனிந்து காலில் இருந்த சேற்றைச் சுரண்டினாள். பிறகு சொன்னாள். முந்தின வாரம் அவள் குளித்துவிட்டுப் படியில் தலை துவட்டும்போது லஸ்கர் வந்திருக்கிறார். லஸ்கர் என்றால் வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடுகிறவர். அரசமரத்தில் செருமிவிட்டுத்தான் வந்திருக்கிறார். இவள் புடவையைச் சுற்றிக்கொண்டு மேலே போய், கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை, மதகை இன்னும் ஒரு பலகை தூக்குங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் எந்த மடை, எந்த வாய்க்கால் என்று விசாரித்திருக்கிறார். கால் மணி நேரம் பேச்சு. அதை அவள் புருஷன் துபாயில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்திருக்கிறான்.

"ஈரத் தலையோட ஒரு ஆம்பளகிட்ட அவ்ளோ நேரம் என்ன பேச்சுன்னு கேட்டாரு. சொன்னேன். நம்பல. கூட தங்கியிருக்கறவங்களும் பாத்துட்டாங்களாம், மானம் போச்சாம். இனிமே ஆத்துப்பக்கம் போனா வேலைக்கும் போவக் கூடாதுன்னுட்டாரு."

கடைசி வயல் என்னுடையது. லஸ்கரைப் பார்த்தால் சொல்லிவிடு என்று அவளை அனுப்பியதும் நான்தான். அதை அவள் புருஷனிடம் சொன்னாளா என்று கேட்டேன். சொன்னாளாம். டீச்சருக்கு வேறு ஆளா இல்லை என்றானாம்.

நான் நேரே உரக்கடைக்குப் போனேன். நாலு மணி, கடையில் ஏழெட்டுப் பேர். கேமராவை இன்றைக்கே கழற்று என்றேன். அவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், டீ சொன்னார். வெளிநாட்டுக் காசில் வாங்கியது, தன் இஷ்டத்துக்குக் கழற்ற முடியாது, குரூப்பில் கேட்க வேண்டும் என்றார். அங்கே நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உலகமே மாறிவிட்டதாம். டவுனில் தெருவுக்கு நாலு கேமராவாம், அங்கெல்லாம் பெண்கள் நடமாடவில்லையா என்றார் ஒருவர். இதெல்லாம் பெண்களின் பாதுகாப்புக்குத்தான் என்றார் இன்னொருவர். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது கை பரபரக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், வேலை கொடுக்கிறவனை யாரும் படம் எடுப்பதில்லை. ரேஷன் கடையில் அரிசி வாங்குகிறவள் விரலை வைக்க வேண்டும், அளக்கிறவர் எதையும் வைக்க வேண்டாம். எந்தப் புதுக் கருவி வந்தாலும் அது முதலில் திரும்புகிற பக்கம் கீழே நிற்கிறவர்கள் பக்கம்தான். இதையெல்லாம் பேப்பரில் படிக்கும்போது தலையாட்டிவிட்டு, என் ஒயர் போனதும் நானே ஒன்று கேட்டு வாங்கினேன்.

"தப்பு பண்ணலன்னா எதுக்கு அண்ணி பயப்படணும்?" என்றார் உரக்கடைத் தம்பி.

"யூரியா கேட்டு வர்றவங்க தலையில வேண்டாத நுண்ணூட்ட உரத்தையும் சேத்துக் கட்டுறியே, அது தப்பில்லதானே? அப்ப ஒன் கல்லாவுக்கு மேல ஒண்ணு மாட்டு. ஊரே நேரலையில பாக்கட்டும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. டீ வந்தது, நான் குடிக்கவில்லை.

குரூப்பில் அன்றைக்கே சண்டை. வரிசையாகக் குரல் பதிவுகள். டீச்சருக்கு வயசாகிவிட்டது என்றான் ஒருவன், ஏழாம் வாய்ப்பாடு வராமல் என்னிடம் அழுதவன். ஊரைப் பார்க்க எங்களுக்கு உரிமை இல்லையா என்றான் இன்னொருவன். ஆற்றைத்தான் பார்க்கிறோம், அதில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதே இல்லை என்று சத்தியம் செய்தான் ஒருவன். பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. குரூப்பில் பதினோரு பெண்கள் இருக்கிறோம். துறைக்கு வருவதை மட்டும் ஒவ்வொருத்தியாக நிறுத்திக்கொண்டார்கள். படியில் மறுபடி ஆடு படுத்தது.

நான் விடவில்லை. பஞ்சாயத்துக்கு ஒரு மனு, தாசில்தாருக்கு ஒரு மனு. முதல் மனுவை எழுதியவளே இதையும் எழுதுகிறாள் என்று முதல் வரியிலேயே போட்டேன். கிராம சபையில் எழுந்து நின்று, அந்தக் கேமராவில் இதுவரை எத்தனை திருடன் அகப்பட்டான் என்று கேட்டேன். என் குரல் எனக்கே நாராசமாக இருந்தது, ஆனால் கீழே இறக்கவில்லை. கடைசியில் தொல்லை விட்டால் போதும் என்று கேமராவை ஆற்றைப் பார்க்காமல் பாலத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். அதற்குள் நடவு முடிந்து முதல் களையும் எடுத்தாயிற்று.

ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பில் அன்றைக்குச் சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் அடிபம்பில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். குளிக்க நாலு குடம், துவைக்க ஆறு குடம் என்று அவள் தோள் இறங்கிக் கிடந்தது.

"திருப்பியாச்சு. நாளைலேந்து ஆத்துக்கு வா. நானும் வர்றேன், பாத்துடுவோம்" என்றேன்.

"சொன்னாங்க டீச்சர். நீங்க ஒருத்தரா நின்னு பேசினீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க." அதைச் சொல்லிவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள்.

"அப்பறம் என்ன?"

"இப்ப அவரே கூப்புடறாரு. வயலுக்குப் போனா ஒரு தடவ, வீட்டுக்கு வந்தா ஒரு தடவ. வீடியோவுல எங்க நிக்கிறேன்னு சுத்திக் காட்டணும். குரூப்ல தெரியலல்ல, அதனால."

"நீ எடுக்காத."

"எடுக்கலன்னா எங்க மாமியாருக்குப் போன் போகுது. அது தெருவுல நின்னு கத்தும். எடுத்துட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும் டீச்சர்."

நான் பேச வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வீட்டுலதாங்க. தண்ணி அடிக்கிறேன்."

"யாரு கூட பேசிக்கிட்டிருந்த?"

"டீச்சர் வந்திருக்காங்க."

"எந்த டீச்சரு? காட்டு."

குடம் வழிந்தது. அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குடத்தைத் தூக்கப் போனாள். கட்டத்துக்குள் மஞ்சள் தலைக்கவசத்தோடு அவன். மூலையில் சின்னதாக நான், நரைத்த தலையோடு. அவனைக் கேட்பதற்கு என்னிடம் வண்டி வண்டியாக வைத்திருந்தேன். கேட்டால் என்னை அவன் ஒன்றும் செய்துவிட மாட்டான். நான் வீட்டுக்குப் போன பிறகு அவள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "நான்தாம்பா. என்னோடதான் இருக்கா" என்றேன்.

"நீங்களா டீச்சர், நல்லாயிருக்கீங்களா?" நல்ல மரியாதையாகத்தான் கேட்டான். "கோச்சுக்காதீங்க, போன கொஞ்சம் அந்தப் பக்கமும் திருப்புங்களேன்."

அடிபம்பு, துணிக்கொடி, குழாய் இல்லாத குளியலறை, வேலிப் படல், எல்லாவற்றையும் ஒரு சுற்று திருப்பி அவனுக்குக் காட்டினேன்.