அரக்குப் பாவுக்கு அப்பால் நின்ற முகம்

உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே இங்கே எழுதப் போகிறேன். நான் எழுதுவதைப் படித்து, "இது இப்படி நடக்கவில்லை" என்று மறுத்துச் சொல்ல, நான் படமெடுத்த அம்மாளுக்கு வழியில்லை. நினைவோ, தனக்குச் சாதகமானதைச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே கேமராவில் பதிந்த நேரமும், என் காதால் கேட்ட சொற்களும் தவிர வேறெதையும் நான் நம்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி ஞாயிறு. சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் மதிலிலிருந்து பிரியும் ஒரு நெசவாளர் தெரு. தெருவோரத்தில் வாழ்பவர்களை அவர்கள் அறியாமல் படமெடுப்பதில் எனக்கு அப்போது தீராத ஆசை. அறியாமல் எடுத்தால்தான் முகம் உண்மையாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். எனினும் என் படங்களில் முதுகுகளே மிகுந்திருந்தன. உடன் படமெடுக்கும் நண்பர்கள், "கண்ணே தெரியவில்லையே" என்றார்கள். அதைத் திருத்திக்கொள்ள நீளமான லென்ஸ் ஒன்று வாங்கினேன்.

அந்தத் தெருவில் விடியற்காலையில் பாவு விரிப்பார்கள். தறியில் ஏற்றுமுன் பட்டிழைகளை இடுப்பளவு உயரத்தில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து சீராக்கும் வேலை அது. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். விரித்த பாவை யாரும் குனிந்துகூடக் கடப்பதில்லை. எவ்வளவு அவசரமானாலும் சுற்றித்தான் போவார்கள். தெரு முழுவதும் அறிந்த இந்த வழக்கத்தை நானும் அறிந்திருந்தேன்.

இழை முடிய வரும் ஒரு பெண்மணிதான் நான் படமெடுக்க விரும்பியவர். ஐம்பது வயதிருக்கும். முன்பு கோயில் மதிலோரத்தில் படுத்திருந்தவர். பாவு வேலைக்கு உதவுவதால் தறிக்காரர் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்க இடம் கொடுத்திருந்தார். இரண்டு ஞாயிறுகள் டீக்கடை மறைவில் நின்று முயன்றேன். நான் விசையை அழுத்தும் கணத்தில் அவர் முகம் திரும்பிவிடும்.

மூன்றாம் ஞாயிறு பனி கனத்திருந்தது. தெருவின் மறுமுனை கரைந்து போயிருந்தது. கோயிலிலிருந்து வந்த நாதஸ்வர ஒலி பனிக்குள்ளேயே எங்கோ தங்கி, மெல்ல மெல்லச் சொட்டுவதுபோல் கேட்டது. அரக்கு நிறப் பாவு எங்கோ தொடங்கி எங்கோ முடிந்தது. அதற்கு அப்பால் அந்த அம்மாள் நீருக்கடியில் நடப்பவரைப்போல் அசைந்துகொண்டிருந்தார். வெளிச்சம் அந்தப் பக்கம் விழத் தொடங்கியது. சுற்றிப் போனால் முப்பது தப்படி. நான் குனிந்தேன்.

கேமரா வாரின் உலோக வளையம் இழைகளில் மாட்டியது. நான் நிமிர்ந்தபோது எழுந்த ஓசை பெருமூச்சைவிட மெல்லியது. சில இழைகள் தளர்ந்து தொங்கின. அந்த அம்மாள் திரும்பி, இழைகளினூடே என்னை நேராகப் பார்த்தார். நான் அப்போது செய்த காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது: விசையை அழுத்தினேன்.

பனிக்குள்ளிருந்து ஓடி வந்த தறிக்காரர் அந்த அம்மாளைப் பார்த்துக் கத்தினார்.

"எத்தினி இழை போச்சு பாரு! பாத்துக்கினு நில்லுன்னு உன்னாண்டதானே சொன்னேன்? நாளைலேர்ந்து வராத. துணி மூட்டய எடுத்துக்கினு கெளம்பு!"

அந்த அம்மாள் தொங்கிய இழைகளை எடுத்து முடியத் தொடங்கினார். நான் உண்மையைச் சொல்லாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்பதைக் கேமரா அறியும். அவர் என்னைப் பார்த்த படத்துக்கும், வாரைக் கழற்றியபோது தவறிப் பதிந்த என் செருப்புக்கால்களின் படத்துக்கும் இடையே நான்கு நிமிடங்கள்.

அதன் பிறகே, "அறுத்தது நான்தான்" என்றேன்.

தறிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி நேரம் வாய்ல கஞ்சியா வெச்சிக்கினு இருந்த?" அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்ல வேணாமா?" என்றார்.

"கை வேலயா இருக்குது. அப்புறம் பேசு" என்றார் அந்த அம்மாள்.

"அறுத்தவரே புடிக்கட்டும்" என்று, பாவிழைகளைத் தாங்கும் ஒரு குச்சியை என் கையில் திணித்துவிட்டுத் தறிக்காரர் போனார். ஒரு மணி நேரம் அதைப் பிடித்து நின்றேன். லென்ஸ் எட்டாத முகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"மூணு வாரமா டீக்கடயாண்ட ஒளிஞ்சிக்கினு நிக்கிற. நான் இன்னா கொக்கா சார், கிட்ட வந்தா பறந்துடுவனா?"

தெரிந்தா திரும்பிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"தல வாரல அப்போ. வாரிக்கினு வந்து பாத்தா நீ இல்ல. ஆடாத, குச்சிய நேரா புடி."

அறுந்தவை பதினேழு. கடைசி இழையும் முடிந்தபின் அந்தப் படத்தைக் காட்டினேன். அரக்கு இழைகளுக்கு நடுவே இரண்டு கண்கள். நான் அதுவரை எடுத்தவற்றில் அதைவிட நல்ல படம் இல்லை. நெடுநேரம் பார்த்தார்.

"இதுல கோவமா இருக்கறேன். வேணாம்பா, எடுத்துடு."

நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, அவர் கண்ணெதிரே அழித்தேன். அவர் குழாயடியில் கையை நனைத்துத் தலையைப் படிய வாரி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். "இப்ப புடி."

அடையாள அட்டைக்கு நிற்பவரைப்போல் விறைப்பாக நின்றார். கலை நோக்கில் அது சாதாரணமான படம். மறு ஞாயிறு அச்செடுத்துக் கொண்டுபோனேன். பாவருகே வழக்கம்போல் இருந்தார்; தலை வாரியிருந்தது. படத்தை வாங்கித் துணி மூட்டையின் நடுவில், மடங்காதபடி வைத்துக்கொண்டார்.

நீள லென்ஸை அதன்பின் நான் பயன்படுத்தவில்லை. பேசினால் கேட்கும் தூரத்தில் நின்றே படமெடுக்கிறேன். முகங்கள் இப்போது திரும்புவதில்லை.

நான் இழைகளை அறுத்ததை அவர் கண்டார். ஒதுங்கியிருந்த இடமும் கைநழுவிக்கொண்டிருந்தது. அந்த நான்கு நிமிடமும் என்னை நோக்கி ஒரு விரல்கூட நீட்டாமல் இழை முடிந்துகொண்டிருந்தாரே, ஏன்? நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருவர் முகத்துக்கு எதிரே கேமராவைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி முதலில் வந்து நிற்கிறது; விடை எனக்குத் தெரியாது.