சைலன்சர் மச்சானின் சத்தப்பெட்டி

எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் நான் போட்ட அலமாரியின் கதவு இறங்கிவிட்டது என்று இன்றுவரை ஒரு ஆள் என் தச்சுப் பட்டறை வாசலில் வந்து நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் என் மேல் ஒரு பழி வரப்போகிறது.

கதை என் மச்சானைப் பற்றியது. என் மனைவிக்குத் தம்பி. வண்டிப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக சைலன்சர் மாட்டுகிறவன், அதனால் பெயரும் சைலன்சர்தான். வேலைக்கேற்ற வாய். ஒரு நாளில் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். பகலெல்லாம் ஊர்ச் சத்தத்தை அடக்குகிற இந்த மனிதனுக்கு வீட்டில் மட்டும் சத்தம் வேண்டும். சினிமாவில் கட்டடம் இடிந்தால் அது தன் வயிற்றுக்குள் இடிய வேண்டுமாம்.

அதற்கு அவனுக்கு வாய்த்தது மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறை. ஒரு பக்கம் கூரை படியோடு சேர்ந்து சரிந்து இறங்கும். நடுவில்தான் நிமிர்ந்து நிற்கலாம், ஜன்னல் வெளிச்சமும் அங்கேதான் விழும். வாசல் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். அந்த நடுவிடத்தில் நான்தான் அவனுக்கு ஒரு சோபா செய்து போட்டேன். ஆட்டம் கொடுக்கக் கூடாது என்று தரையில் எட்டு போல்ட் இறக்கி முறுக்கினேன். யானை வந்து மோதினாலும் யானைதான் நகரும்.

டிவி வந்தது, சின்ன ஸ்பீக்கர் இரண்டு வந்தன. வயிற்றை இடிக்கிற அந்த அடிச்சத்தம் மட்டும் வரவில்லை. அதற்கென்று தனியாக விற்கிற சப்வூஃபரைக் கடையில் விலை கேட்டான். கேட்ட வேகத்தில் வெளியே வந்தான். பிறகு நாங்களே செய்வது என்று முடிவாயிற்று. உடைப்புக்குப் போன ஒரு வேனிலிருந்து பெரிய ஸ்பீக்கர், யாரோ கழித்துப்போட்ட ஆம்ப்ளிஃபையர், கழிவுநீர்க் குழாயில் மிஞ்சிய துண்டு. பெட்டி செய்தது நான். முக்கால் அங்குலப் பலகை, மூலைக்கு மூலை பசை, திருகு. பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வெளியே வர முகப்பில் செருகுகிற அந்தக் குழாயை அவனே அறுத்தான். நீளம் மாறினால் குரல் மாறும் என்று அவனுக்குத் தெரியாதா? அதுதானே அவன் சோறு.

இதையெல்லாம் அவன் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தங்கை முறை. தையல்காரி. மெஷின் இருந்ததோ அடுப்பங்கரையில், ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவே. தைத்து முடித்த சட்டையில் எண்ணெய் தெறித்த அன்று அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள அந்தப் பெட்டி முழங்கணும். இல்லேன்னா என் மெஷின் அந்த ரூமுக்குள்ள போகும், உங்க டிவி பரண்ல ஏறும். சம்மதமா?"

"சரி" என்றான் சைலன்சர். அந்த ஒரு வார்த்தையில் அறையையே பணயம் வைத்துவிட்டான்.

ஞாயிறு மத்தியானம் பெட்டியைச் சுவரோரம் வைத்து, ஒரு படத்தில் பாலம் வெடித்துச் சிதறும் இடத்தைப் போட்டோம். சோபாவில் கொசு தும்மியது போலக் கேட்டது.

அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. "என்னத்தப் போட்டு இடிக்கிறீங்க? தட்டெல்லாம் ஆடுது!"

அவன் பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அத்தான்... எங்கயாவது காத்து போகுதோ?"

"எதுல? என் பெட்டியிலயா?" மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, பாட்டு ஓட ஓட, ஒவ்வொரு மூட்டாகக் காட்டினேன். சுடர் அசையவில்லை. "பாத்துக்கடா! என் மூட்டுல எறும்பு மூச்சுக்கூட வெளிய போகாது."

அவன் போனில் ஒரு வழி பிடித்து வைத்திருந்தான். உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, நாம் தரையெல்லாம் தவழ்ந்து கேட்க வேண்டுமாம். எங்கே முழக்கம் நன்றாகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டிக்கு இடம். பெட்டியைச் சோபாவில் ஏற்றிவிட்டு, அறுபத்து மூன்று வயதில் நானும் நாற்பத்தைந்தில் அவனும் நாலு காலில் புறப்பட்டோம். சரிவுப் பக்கம் நான் இரண்டு முறை மண்டையை இடித்துக்கொண்டேன்.

கழுத்தில் டேப்போடு தங்கை வந்து நின்றாள். "ரெண்டு பேரும் என்னத்தத் தொலைச்சீங்க?"

"இடி" என்றான் சைலன்சர், தலை நிமிராமல்.

வாசற்படிக்குப் போனதும் அவன் முகம் மலர்ந்தது. நானும் போய்க் காது வைத்தேன். தொப்பை அதிர்ந்தது. அடடா!

"அங்கயா பெட்டி? அப்ப நாங்க எப்படி உள்ள வர்றதாம், தாண்டிக் குதிச்சா?" என்றாள் அவள். "மணி நாலாச்சு. நான் மெஷினத் தள்ளிட்டு வர்றேன்."

அப்போதுதான் சைலன்சர் வாயைத் திறந்தான். என் ஆயுளில் அவன் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

"பெட்டி மேல தப்பில்ல அத்தான், சோபா இருக்கற இடந்தான் தப்பு. சுவத்துல பட்டுத் திரும்பற சத்தமும் எதுக்க வர்ற சத்தமும் இந்த நடுவுல ஒண்ண ஒண்ணு தின்னுடுது. சைலன்சருக்குள்ள நடக்கறதும் இதேதான். நாம சைலன்சருக்குள்ள சோபா போட்டு உக்காந்திருக்கோம்!"

போகப் போனவள் நின்றாள். பெட்டியைச் சுவரோரம் இறக்கச் சொன்னாள். சோபாவில் உட்கார்ந்து, "போடுங்க அந்த வெடிய" என்றாள். பாலம் வெடித்தது. அவள் கொட்டாவி விட்டாள்.

"அப்ப இந்த எடத்துல எந்தச் சத்தமும் தொந்தரவு பண்ணாது?"

"பண்ணாது."

"நல்ல வெளிச்சம், நிமிந்து நிக்கலாம். இது என் மெஷினுக்கு. உங்க சோபாவத் தூக்கி அந்தச் சரிவுக்கடியில போடுங்க. அங்க முழங்குச்சுன்னா டிவி இருக்கட்டும்."

"எழுந்தா தல இடிக்கும்மா" என்றேன் நான்.

"இடிக்கணும்னுதானே அண்ணே இவ்வளவு பாடு?"

போல்ட்டைக் கழற்ற ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். நான் முறுக்கியதை நானே கழற்றுவது எத்தனை பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. ஐந்து மணிக்கு நாலு வந்தது. ஐந்தரைக்கு ஆறு. வெளியே வெயில் மஞ்சளடித்துக்கொண்டிருந்தது. சைலன்சர் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மிச்சம் இரண்டு, என்ன செய்தும் அசையவில்லை. இரும்பு அறுக்கிற ரம்பம் எடுத்துத் தரைக்கு மேலே அறுத்தேன். சோபாவை இழுத்துப் போய்ச் சரிவுக்கடியில் சுவரோடு சேர்த்தோம், பக்கத்தில் பெட்டி. சைலன்சர் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினான்.

பாலம் வெடித்தது. அவன் வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் சந்தோஷத்தில் துள்ளி எழுந்தான். மண்டையில் விழுந்த சத்தம் பெட்டியில் வந்ததைவிடக் கனமாக இருந்தது.

இப்போது அவள் நடுவில் தைக்கிறாள், அவன் சரிவுக்குள் குனிந்து உட்கார்ந்து உலகத்தை இடித்துக்கொண்டிருக்கிறான். சோபா வைத்த இடத்துக்கு நான்தான் காரணம் என்று ஊரில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். அறுத்த அந்த இரண்டு போல்ட்டின் முளையும் இன்னும் தரையில் நிற்கிறது. தையல் மெஷினின் முன்கால் அதில் முட்டி நிற்பதால், எவ்வளவு மிதித்தாலும் நூலளவு நகர்வதில்லை என்று தங்கையே சொல்கிறாள். போல்ட் இறக்கியது யார்?