வெறும் போத்தல்

பள்ளிக்கூடத்தில் 'ஒரு ஊரின் கதை' எழுதச் சொன்னபோது நான் எழுதியது லித்துவேனியாவின் ஒரு சிற்றூரைப் பற்றி. சிரிக்காதீர்கள். அது எண்பத்து நாலு. எனக்குப் பத்து வயது. கொழும்பில் கலவரக்காரர் எங்களைத் துரத்தி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால் அப்பா பேப்பருக்குள் புகுந்துகொள்வார்.

நியூசிலாந்தில் நாங்கள் வந்து சேர்ந்த மவுண்ட் ஆல்பர்ட்டில், அடுத்த வீட்டு லித்துவேனிய அங்கிளோ தன் ஊரைப் பற்றிக் கேட்காமலே சொல்வார். ஆக்லாந்தில் அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர் அவர்தான். அவர் ஊறவைத்த வெள்ளரிக்காயைப் போத்தலில் தருவார். அம்மா அதே போத்தலில் முறுக்கு நிரப்பி அனுப்புவார். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் பெரிய குற்றம்.

அங்கிள் சொல்லச் சொல்ல நான் படம் கீறினேன். ஏரி, இரட்டைக் கோபுரத் தேவாலயம், புகைபோக்கியில் நாரைக்கூடு, நடுவில் கல் பதித்த சந்தை. சந்தையைச் சுற்றியிருந்த மரவீடுகளில் யூதர்கள் இருந்தார்களாம். ஊரில் பாதிப் பேர் அவர்கள்தானாம்.

"பிறகு?" என்றேன்.

யுத்தம் வந்த கோடையில் எல்லோரையும் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றார். ஜெர்மன்காரரோடு சேர்ந்து ஊர் ஆட்களும் சுட்டார்களாம். சின்னப் பிள்ளைகளையுமா என்று கேட்டேன். ஓமென்று தலையாட்டினார். அவர் என் கலர் பென்சிலை வாங்கி, பாண் பேக்கரி வைத்திருந்த யூதரின் வீட்டு ஜன்னல்களுக்கு நீலம் தீட்டினார். அவர்கள் போன பிறகு அந்த வீட்டில் தாங்கள்தான் குடியிருந்ததாகச் சொன்னார்.

"எனக்கு அப்போது உன் வயது," என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சுவாங்க அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பா என் கையிலிருந்த படத்தை வாங்கி மேசையில் விரித்தார். நீல ஜன்னல் வீட்டின்மேல் வைத்த விரலை அவர் எடுக்கவேயில்லை.

"எங்கட வீட்டிலயும் இப்ப ஆரோ இருக்கினம்," என்றார் அம்மாவிடம். பிறகு மேசையிலிருந்த போத்தலைப் பார்த்தார். "அதைக் கழுவிக் குடுத்துவிடும். ஒண்டும் போட வேண்டாம்."

"வெறும் போத்தலையோ?" அம்மா திடுக்கிட்டுப் போனார்.

"ஓம்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிள் சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். எங்கள் வழக்கம் அவருக்கு நன்றாகவே தெரியும். அம்மா மறந்துபோனார், அடுத்த கிழமை கட்டாயம் முறுக்கு வரும் என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் போத்தல் வரவேயில்லை.

அன்று அங்கிள் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் நான் அப்பாவிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். அவருக்கு அப்போது என் வயது என்பதை. அது சொல்லவேண்டிய விஷயம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.