நேராகப் போவதற்கு நாலு லைட்

மாயவரம் பக்கம் குத்தாலத்தில் எங்கள் உரக்கடைக்குப் பின்னால் ஒரு குடோன் இருக்கிறது. அதில் யூரியா மூட்டைகளுக்கும் பொட்டாஷ் மூட்டைகளுக்கும் நடுவில் ஒரு ரேஸ் கார் நிற்கிறது. கார் என்றால் முழுக் கார் இல்லை. ஓர் இருக்கை, ஒரு ஸ்டீயரிங், மூன்று பெடல், எதிரே பெரிய திரை, கீழே ஒரு கம்ப்யூட்டர். மகன் தஞ்சாவூரில் படித்தபோது எங்களை நச்சரித்து வாங்கியது. புனேயில் வேலை கிடைத்ததும், "அம்மா, பத்திரமாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நானும் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன். முதலில் தூசி துடைத்தேன். பிறகு சும்மா உட்கார்ந்து பார்த்தேன். குறுவை அறுப்பு முடிவதற்குள் லீக்கில் சேர்ந்துவிட்டேன்.

லீக் என்பது, அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் ஒரே தடத்தில் கார் பந்தயம் ஓட்டும் கூட்டம். எங்களுடையது தமிழ்க்காரர்கள் லீக். கோயம்புத்தூர், மதுரை, துபாய், சிங்கப்பூர் என்று பல ஊர்ப் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பந்தயம். நடத்துகிறவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். யாராவது யாரையாவது இடித்துவிட்டால் அவரும் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தம்பியும் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணுவார்கள்.

மகன் தன் கணக்குக்கு 'ஓநாய்' என்று பெயர் வைத்திருந்தான். அதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஓநாயாகவே சேர்ந்தேன். மைக்கைத் திறக்க மாட்டேன். யாராவது ஏதாவது கேட்டால் 'சரி' என்றோ 'சாரி' என்றோ எழுதிப் போடுவேன், அவ்வளவுதான். கூச்ச சுபாவமுள்ள கல்லூரிப் பையன் என்று அவர்களாகவே முடிவு கட்டி, 'ஓநாய் தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐம்பது தாண்டியவளைத் தம்பி என்று கூப்பிட்டால் எனக்கென்ன நஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமை கடையை என் கணவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு உரத்தின் பெயரும் தெரியாது, மருந்தின் பெயரும் தெரியாது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பார். யாராவது வந்து, "அக்கா எங்கங்க?" என்று கேட்டால், "உள்ள வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கா" என்பார். வந்தவர் குழம்பிப்போய், "எப்ப வருவாங்க?" என்று கேட்பார். "பெல்ஜியம் போயிருக்கா. ஒரு மணி நேரம் ஆகும்" என்று பதில் வரும். அன்றைய பந்தயத் தடம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதை மட்டும் அவர் ஒழுங்காக நினைவில் வைத்திருந்தார்.

பிரேக்கை மிதித்தால் பெடல் பலகை சிமெண்ட் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும். அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு யூரியா மூட்டையை வைத்தேன். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு உட்கார்ந்தால், மெட்டி பெடலில் டிக் டிக் என்று தட்டும். பிறகு எனக்கு நெல்லில் விழும் புகையானும் தெரியாது, குருத்துப் பூச்சியும் தெரியாது. வாரம் முழுக்க எல்லாரும் தங்கள் பயிருக்கு என்ன நோவு என்று என்னிடம்தான் சொல்கிறார்கள். 'நல்லா ஓட்டினீங்க' என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. லீக்கில்தான் சொன்னார்கள். முதல் முறை அப்படி ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு அன்று சாயங்காலம் முழுக்கக் கடையில் சிரித்துக்கொண்டே இருந்தேன். பாக்கி கேட்க வந்த கம்பெனிக்காரர் பயந்துபோய்க் கேட்காமலேயே திரும்பினார்.

வினை அந்த சீசனில் வந்தது. ரோட்டில் ஓடும் சாதாரணக் கார்களை வைத்துப் பந்தயம் என்று அறிவித்தார்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்யும். எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் எனக்கு முறையாகக் கார் ஓட்டத் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியவள் நான். கற்றுக்கொடுத்தவர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இடது பக்கம் திரும்புனா இடது லைட்டு. வலது பக்கம் திரும்புனா வலது லைட்டு. நேரா போனா ரெண்டு பக்கமும், நாலு லைட்டு." இதில் என்ன தப்பு இருக்கிறது? எங்கள் ஊர் நாற்சந்தியில் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்.

பந்தயத் தடத்தில் நீளமான நேர்ப்பாதை ஒன்று வரும். அதன் நடுவில் இடது பக்கம் ஒரு பாதை பிரியும். டயர் மாற்ற, பெட்ரோல் போட அதில்தான் உள்ளே போக வேண்டும். மற்றவர்களுக்கு அது பிட். எனக்கு அது கூட்டுரோடு. கூட்டுரோடு வந்தால் பின்னால் வருகிறவனுக்குச் சைகை காட்ட வேண்டாமா? ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் நாலு லைட்டையும் போட்டுவிட்டு மரியாதையாக நேராகப் போனேன்.

பின்னால் வந்தவர்கள் என் வண்டி நின்றுவிட்டது என்று நினைத்தார்கள். ஒருவர் பிரேக் போட்டார். அவர் மேல் இன்னொருவர் ஏறினார். மூன்றாமவர் ஒதுங்கப் பார்த்துப் புல்லில் உருண்டார். எனக்கு இதெல்லாம் தெரியாது. கண்ணாடியில் ஆளே இல்லாததைப் பார்த்து, இன்றைக்கு நன்றாக ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பந்தயத்திலும் அதேதான் நடந்தது. இரண்டு எச்சரிக்கை வந்தன. 'ஹஸார்டு விளக்கைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள்' என்று அதில் எழுதியிருந்தது. நான் சரியாகத்தானே பயன்படுத்துகிறேன், வேறு யாரையோ சொல்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். மூன்றாவது பந்தயத்தில் முன்வரிசையில் பாதிப் பேர் வெளியேறினார்கள். விசாரணைக்கு வரச் சொல்லிக் குறிப்பு வந்தது. கண்டிப்பாக மைக்கில் பேச வேண்டும், இன்னொரு முறை தப்பு நிரூபணமானால் லீக்கை விட்டு நீக்கம் என்று போட்டிருந்தது. அதை மூன்று முறை படித்தேன். கடையை மூடச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருப்பேனா தெரியவில்லை.

விசாரணை சனிக்கிழமை மதியம்.

"ஓநாய் தம்பி, இருக்கீங்களா?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"இருக்கேங்க."

பெண் குரல் கேட்டதும் அவர் பேச்சில் பணிவு வந்துவிட்டது.

"அம்மாங்களா? வணக்கமுங்க. மைக்கைக் கொஞ்சம் தம்பிகிட்ட குடுங்கம்மா."

"தம்பி புனேல இருக்கான். எதுவா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுங்க."

"இல்லீங்கம்மா, போன வாரம் தம்பி ஓட்டுன வண்டியப் பத்திப் பேசோணும்."

"அதை ஓட்டினது நான்தாங்க."

சிங்கப்பூர்த் தம்பி குறுக்கே வந்தார். "ஆன்ட்டி, இது விளையாட்டு இல்ல."

"விளையாட்டுதானே தம்பி?" என்றேன்.

ஆள் விடவில்லை. ஒருவர் கணக்கில் இன்னொருவர் ஓட்டுவது லைட்டு குற்றத்தைவிடப் பெரிய குற்றமாம். பையன் தப்புப் பண்ணிவிட்டு அம்மாவைப் பேசவிட்டு ஒளிந்துகொண்டிருக்கிறான் என்பது அவர் கட்சி. கடைசியில், கேமராவைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள், இத்தனை வாரமும் ஓட்டியது நீங்கள்தானா என்று பார்க்கிறோம் என்றார்கள்.

ஓட்ட உட்கார்ந்தேன். குற்றம் அந்த லைட்டில்தான் இருக்கிறது என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. என்ன ஆனாலும் அந்தப் பட்டனைத் தொடக் கூடாது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். முதல் இரண்டு வளைவு அழகாகப் போனது. அப்போது என் கணவர் ஒரு விவசாயியைக் குடோனுக்குள்ளேயே அனுப்பிவிட்டார். அவர் கையில் வேரோடு பிடுங்கிய ஒரு குத்து நெற்பயிர்.

"அக்கா, பயிரு வட்டம் வட்டமா காயுதுக்கா."

"புகையானா இருக்கும். தூரைப் பிரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கியரைக் குறைத்தேன்.

"பாத்தேன். அடியில பூச்சி மொய்க்குது."

"தண்ணியை வடிங்க மொதல்ல. யூரியா போட்டீங்களா?"

"நேத்துதான் போட்டேன்."

"ஏங்க போட்டீங்க? புகையான் இருக்கும்போது யூரியா போட்டா அதுக்கு விருந்து வச்ச மாதிரில்ல ஆயிடும்!"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் நேர்ப்பாதைக்கு வந்தேன், இடது பக்கம் பாதை பிரிவதைப் பார்த்தேன், கை தன்னால் போய்ப் பட்டனைத் தட்டியது. டிக் டிக் டிக் டிக். திரையில் நாலு லைட்டும் மின்னின.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றார் கோயம்புத்தூர்க்காரர். "இது அவங்களேதானுங்."

சிங்கப்பூர்த் தம்பி பெருமூச்சு விட்டார். "ஏன் ஆன்ட்டி அந்த லைட்டைப் போடுறீங்க?"

"நேரா போறேன்னு சொல்றதுக்குத்தான் தம்பி."

"எல்லாரும் நேராத்தான் போறாங்க. அது ரேஸு!"

"ரோடு பிரியுதுல்ல? நான் அதுல திரும்பலன்னு பின்னாடி வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோயம்புத்தூர்க்காரர் இருமுவதுபோல் என்னமோ செய்தார். பிறகு, தன் மாமனாரும் அப்படித்தான் போடுவார், சொன்னால் கேட்க மாட்டார் என்று ஒப்புக்கொண்டார். தீர்ப்பு வந்தது: இதுதான் கடைசி எச்சரிக்கை. நாலு லைட்டு எரிந்தால் ஆபத்து என்று மட்டும்தான் அர்த்தம். முன்னால் அதைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்னொரு விபத்துக்கு நான் காரணமானால் வெளியே போய்விட வேண்டியதுதான்.

அந்த வாரம் முழுக்க அதைப் பாடம் பண்ணினேன். பட்டன் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். 'நாலு லைட்டுன்னா ஆபத்து, நாலு லைட்டுன்னா ஆபத்து' என்று உர மூட்டை எண்ணும்போதும் முணுமுணுத்தேன். வியாழக்கிழமை மாயவரம் போகும்போது எங்களுக்கு முன்னால் ஒரு கார் நாலு லைட்டையும் போட்டுக்கொண்டு நாற்சந்தியைத் தாண்டியது. "நிறுத்துங்க!" என்று நான் கத்திய கத்தலில் என் கணவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த மினி பஸ்காரர் எங்கள் பரம்பரையையே விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஆரம்பித்தது. நடுவாந்தரத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தேன். நேர்ப்பாதை வந்தது. பாதை பிரியும் இடம் வந்தது. என் கை ஸ்டீயரிங்கை விட்டு அசையவில்லை. அதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது முதலில் போன காரில் நாலு லைட்டும் எரிந்தன. அடுத்த காரிலும் எரிந்தன. அதற்கடுத்த காரிலும். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வருகிற அத்தனை காரிலும் மினுக் மினுக். தேர்த் திருவிழாவுக்கு சீரியல் பல்பு போட்டதுபோல் இருந்தது. இவ்வளவு பெரிய ஆபத்தை நான் கண்டதே இல்லை. ரெண்டு காலையும் சேர்த்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். யூரியா மூட்டையே நகர்ந்துவிட்டது.

பின்னால் வந்தவர்கள் வரிசையாக என் மேல் ஏறினார்கள்.

சக்கரங்கள் பறப்பது நின்றதும், காதில் சிங்கப்பூர்த் தம்பியின் குரல் கேட்டது. என்னை முதலில் இடித்தது அவர்தான்.

"ஆன்ட்டி, ஏன் பிரேக் போட்டீங்க?"

"எல்லாரும் நாலு லைட்டு போட்டீங்களே தம்பி! ஆபத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது உங்களுக்காக ஆன்ட்டி. வெல்கம் பண்றதுக்காக எல்லாரும் பேசி வச்சுப் போட்டோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுதேன் என்றால், ஒரு கூட்டமே எனக்காக விளக்குப் போட்டதற்கும்தான், அந்தக் கூட்டத்தை மொத்தமாக இடித்துத் தள்ளியதற்கும்தான். ஹெட்போனைக் கழற்றி மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். இன்னொரு விபத்து என்றால் வெளியே என்று சொல்லியிருந்தார்கள். இது ஒரு விபத்தா என்ன, ஒன்பது விபத்து. அந்த வாரம் குடோனுக்குள் மூட்டை எடுக்க மட்டும்தான் போனேன். ரேஸ் கார் மேல் ஒரு படுதாவைப் போட்டு மூடினேன். புனேக்குப் போன் போட்டு, "வந்து உன் வண்டியை எடுத்துக்க" என்றேன். "ஏன்மா, பூஞ்சை புடிச்சிடுச்சா?" என்று கேட்டான் மகன்.

வெள்ளிக்கிழமை காலை நான் விதைநெல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். கடை போன் அடித்தது. என் கணவர் எடுத்தார்.

"யாருங்க? எதைக் கேக்குறீங்க? இது உரக்கடைங்க. நீங்க ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போடுங்க."

வைக்கப் போனவர் திரும்பக் காதில் வைத்தார். முகம் சுருங்கியது. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யாரோ கோயம்புத்தூர்லேருந்து. நம்ம பையன்கிட்ட நம்பர் வாங்கினாராம். போனை ஓநாய்கிட்ட குடுங்கன்றாரு. ஞாயித்துக்கிழமை ஜப்பானாம், ஓநாய் வருதான்னு கேக்குறாரு."

மூட்டையைக் கீழே வைத்தேன்.

"வருதுன்னு சொல்லுங்க," என்றேன்.