அஞ்செட்டிச் சாலையில் ஓர் ஆப்பிரிக்க வண்டி

காலை ஆறு மணிக்கு ஓசூர் சிப்காட்டில் எங்கள் பட்டறை வாசலிலிருந்து கிளம்பினோம். முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வரும் கம்பெனி பஸ்கள் பாதி காலியாகப் போய்க்கொண்டிருந்தன. 2009-இன் தொடக்கம் அது. அமெரிக்காவில் யாரோ வீட்டுக் கடன் கட்டாமல் விட்டதற்கு எங்கள் தெருவில் பாதிப் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன.

நான் அந்தப் பட்டறையில் தரம் பார்ப்பவள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்றால் விடுவேனா, வந்து சேர்ந்துவிட்டேன். முதலாளி நாகராஜ் வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ், பெயிண்ட் கடையில் கன்னடம். எங்கள் விருந்தாளி டேனியலிடம் மட்டும் வெறும் சிரிப்பு. ஆங்கிலம் பேச ஆள் வேண்டுமென்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

டேனியல் நைரோபிக்காரர். ஆப்பிரிக்கக் காடுகளில் விலங்குகளைப் படமெடுக்க வரும் குழுக்களுக்குக் கூடாரம், சாப்பாடு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அவர் பொறுப்பு. அவர்கள் கேமராவோடு வந்து இறங்கினால் போதும், மீதி உலகத்தை இவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். பெட்ரோல் பங்க் என்பது ஒரு பகல் தூரத்தில் இருக்குமாம். அதற்காகத்தான் ஒரு லாரி வாங்கி எங்களிடம் பாடி கட்டக் கொடுத்திருந்தார். சமையலறை, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், கேமரா பேட்டரிகளைச் சார்ஜ் போட அலமாரி, எல்லாம் ஒரே வண்டியில்.

ஒரே ஒரு நிபந்தனை, சத்தம் கூடாது. ஒரு சிங்கம் புதரிலிருந்து எழுந்து வரட்டும் என்று குழு நாள்கணக்கில் காத்திருக்கும். அந்த நேரத்தில் வண்டிக்குள் ஒரு டம்ளர் உருண்டால் சிங்கம் வேறு பக்கம் போய்விடும். ஆகவே பாத்திரங்களுக்கெல்லாம் ரப்பர் பள்ளம், கதவுகளுக்குக் கம்பளி ஓரம், ஜெனரேட்டருக்கு மெத்தை என்று தொட்டில் கட்டுவது போலக் கட்டியிருந்தோம். இது தேறினால் இன்னும் ஐந்து வண்டிக்கு ஆர்டர். தேறாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்று நாகராஜ் முந்தின நாள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். 

வண்டியைச் சோதித்துப் பார்க்கத்தான் அஞ்செட்டிப் பக்கம் கிளம்பியிருந்தோம். நாகராஜ் ஓட்டினார். பக்கத்தில் எலக்ட்ரீஷியன் சாதிக், கிருஷ்ணகிரிப் பையன், முந்தின நாள் கடைசிவரை ஒயரிங் பார்த்த களைப்பில் தூங்கி வழிந்தான். நானும் டேனியலும் பின்னால். அவர் காதில் ஹெட்போன், மடியில் ஒலிப்பதிவுக் கருவி.

கெலமங்கலத்தில் டிபனுக்கு நிறுத்தினோம். களியும் கீரைக் குழம்பும் பதினைந்து ரூபாய். களியை எப்படிச் சாப்பிடுவது என்று விளக்க நான் வாயைத் திறப்பதற்குள், டேனியல் ஓர் உருண்டை பிடித்து, கட்டைவிரலால் நடுவில் குழி பண்ணி, குழம்பை அதில் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அவர் ஊரிலும் சோளமாவில் இப்படித்தானாம். கடைக்கார அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், இரண்டாவது களிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். எதிரே நின்ற டவுன் பஸ்ஸின் கண்டக்டரிடமிருந்து டேனியல் "போலாம் ரைட்" என்ற இரண்டு சொல்லையும் பொறுக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சொல்லாமல் வண்டி எங்கும் கிளம்பவில்லை.

தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அந்தச் சாலையைப் போட்டவர் எங்களுக்காகவே போட்டது போல இருந்தது, அவ்வளவு பள்ளம். நான் பாத்திரங்களையே முறைத்துக்கொண்டு வந்தேன். ஒன்று கூட முணுமுணுக்கவில்லை. காட்டோரம் நிறுத்தி ஜெனரேட்டரை ஓடவிட்டு, டேனியல் கருவியோடு தூரமாக நடந்து போனார். திரும்பி வந்து ஹெட்போனை என் காதில் மாட்டினார். ஒரு குயில் கூவியது, மூங்கில் கிறீச்சிட்டது, வேறு ஒன்றுமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாகராஜ் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார்.

பாஸாகிவிட்டோம் என்ற தெம்பில் நால்வரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். இரண்டு வளைவு தாண்டியதும் சாலையில் யானைகள். நான்கு பெரியவை, நடுவில் ஒரு குட்டி. நாகராஜ் பிரேக் போட்டார். டேனியலுக்கு இது தினசரி வேலை, பதறவில்லை. மெதுவாகப் பின்னால் போகலாம் என்று கையால் காட்டினார். நாகராஜ் கியர் மாற்றக் கை வைத்தார்.

"அண்ணா, ஒரு நிமிசம் இருங்ணா" என்றான் சாதிக். அதற்குள் ரிவர்ஸ் விழுந்துவிட்டது.

வண்டியின் பின்புறமிருந்து கல்யாண மண்டபத்து வாசலில் கேட்பது போல் ஒரு மெட்டு, காடே அதிரும்படி கிளம்பியது. எங்கள் பக்கத்து லாரிகள் பின்னால் வரும்போது பாடுமே, அதுவேதான். பட்டறையில் வண்டி வெளியே பார்த்து நின்றதால் காலையிலிருந்து ரிவர்ஸ் போட வேண்டியே வரவில்லை. நிறுத்தவும் வழியில்லை, முன்னால் யானை. வளைவு வரைக்கும் பாடிக்கொண்டே போனோம். பெரிய யானை காதை விரித்து எங்களை ஒரு பார்வை பார்த்தது, குட்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டது.

வண்டி நின்றது. நாகராஜின் முகம் வெளுத்திருந்தது.

"யாருடா உன்ன இத மாட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்ணா. நேத்து கடைசியா என் காசுல வாங்கி மாட்டுனேன். பாடி கட்டுன புது வண்டிய பாட்டு இல்லாம எப்பிடிணா அனுப்பறது? மூளியா இருக்குமில்ல."

டேனியல் அர்த்தம் கேட்டார். மூளிக்கு ஆங்கிலச் சொல் தேடி நான் எங்கே போவேன்? நகை போடாமல் பெண்ணை அனுப்புவது மாதிரி என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கழற்றச் சொன்னார். சாதிக் இறங்கிப்போய் அந்தப் பாட்டுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தான். டேனியல் அதை வாங்கித் துடைத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஓசூர் திரும்பியதும், யோசித்துச் சொல்கிறேன் என்று கைகுலுக்கிவிட்டு டேனியல் பெங்களூர் பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மெஷின்கள் சும்மா நிற்க, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. எடுத்தால் குரல் இல்லை, அந்த மெட்டுதான். கூடவே ஒரு கூட்டம் குழந்தைகளின் கும்மாளம். ஸ்பீக்கரில் போட்டேன். எதிரே டீ ஊற்றிக்கொண்டிருந்த சாதிக் அப்படியே நின்றுவிட்டான்.

பிறகுதான் டேனியல் பேசினார். பெட்டியைத் தன் சொந்தக் காரில் மாட்டிவிட்டாராம். தெருப் பிள்ளைகள் விடுவதில்லையாம், ஆபீசுக்குப் போக வேண்டியவர் தெருமுனை வரை ரிவர்ஸிலேயே போகிறாராம். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். லாரி ஐந்து, அவற்றில் துளிச் சத்தம் கூடாது. பாட்டுப் பெட்டி தனியாக நான்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் நாகராஜ் போனை வாங்கினார். மூன்று மொழி பேசுகிற மனிதர் டேனியலுக்குத் தெரிந்த இரண்டே சொல்லைத் தேடி எடுத்தார். 

"போலாம் ரைட்" என்றார்.

"போலாம் ரைட்" என்று நைரோபியிலிருந்து பதில் வந்தது. சாதிக் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் போய் மெஷினைப் போட்டான்.